கேட்டதை மட்டும் எழுது

சிற்றலை வானொலி கேட்பவர்கள் ஐந்து இலக்கங்களில் பேசிக்கொள்வார்கள். 45444, 33233, 24322 என்று எழுதினால் போதும், எந்த நாட்டு வானொலிப் பொறியாளருக்கும் புரியும். முதல் இலக்கம் வந்து சேரும் அலையின் வலிமையைச் சொல்கிறது. இரண்டாவது, பக்கத்து நிலையம் எவ்வளவு குறுக்கிட்டது என்பது. மூன்றாவது இரைச்சல். நான்காவது, அலை ஏறி இறங்கியதா, நிலையாக நின்றதா என்பது. கடைசி இலக்கம், மொத்தத்தில் உட்கார்ந்து கேட்கும்படி இருந்ததா என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் குறையே இல்லை. ஒன்று என்றால் கேட்கவே முடியவில்லை. இதற்கு ‘சின்போ’ என்று பெயர்.

இந்த ஐந்து இலக்கங்களைச் சரியாக எழுதக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி வேலை என்பேன். நிகழ்ச்சி தொடங்கியவுடன் காதில் விழுந்ததை வைத்து எழுதிவிட முடியாது. முதல் ஐந்து நிமிடம் தெளிவாகக் கேட்ட நிலையம் அடுத்த பத்து நிமிடத்தில் அடியோடு அமுங்கிப்போகும். செய்தி முடிந்து இசை தொடங்கும்போதுதான் பின்னால் இன்னொரு நிலையம் முணுமுணுப்பது தெரியும். நிகழ்ச்சி முடியும்வரை காத்திருந்து, பென்சிலால் போட்டதை இரண்டு மூன்று முறை அழித்துத் திருத்தி, அதன்பிறகு மையால் எழுத வேண்டும்.

புதிதாக வருபவர்கள் அநேகமாக எல்லோருமே நிலையத்துக்கு அனுப்பும் கடிதத்தில் 55555 என்றுதான் எழுதுவார்கள். விருந்துக்குப் போன வீட்டில் உப்பு குறைந்திருந்தாலும் “ரொம்ப நல்லா இருக்கு” என்று சொல்கிற நம் வழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது. எங்கோ தொலைதேசத்திலிருந்து தமிழில் பேசுகிறார்கள், அவர்களிடம் போய்க் குறை சொல்வதா என்ற தயக்கம். ஆனால் அந்தக் கடிதத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் ஒரு பொறியாளர். தன் அலை திருநெல்வேலியில் எப்படி இறங்குகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். 32322 என்று எழுதி, ‘இந்த நேரத்தில் இதே அலைவரிசையில் இன்னொரு நிலையம் மோதுகிறது’ என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்த பருவத்துக்கு அலைவரிசையை மாற்றலாமா என்று அவர் யோசிப்பார். நூறு பேர் அன்போடு எழுதிய 55555 அவருக்கு எதையும் சொல்வதில்லை.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் வானொலிப் பெட்டிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி. என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்றுவரை மாறாத விதியாக இருக்கிறது. “கேட்டத எழுதுடே. கேட்டிருப்போம்னு நெனச்சத எழுதாத.”

சொல்வதற்கு எளிய விதி. கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றே சான்று. அங்கே நொடிக்கு ஒரு ‘டிக்’ என்று நேரம் காட்டும் நிலையங்கள் ஒலிக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து ஒலிப்பது டபிள்யூ.டபிள்யூ.வி. ஹவாய்த் தீவுகளிலிருந்து அதன் சகோதர நிலையம் டபிள்யூ.டபிள்யூ.வி.எச். சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து பி.பி.எம். மூன்றுக்கும் அதே அலைவரிசை. நம் ஊரில் இரவு நேரத்தில் ‘டிக், டிக்’ என்று மெல்லக் கேட்டால் அது பெரும்பாலும் சீனாவாகத்தான் இருக்கும். மனமோ அமெரிக்காவை விரும்பும். பூமியின் மறுபக்கத்திலிருந்து வந்ததாக எழுதிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அடையாளம் காண வழி இருக்கிறது. கொலராடோவில் ஒவ்வொரு நிமிடமும் ஆண் குரல் நேரம் சொல்லும். ஹவாயில் அதற்குச் சற்று முன்பாகப் பெண் குரல் சொல்லும். சீன நிலையம் அரைமணிக்கும் முழுமணிக்கும் முந்தைய நிமிடத்தில்தான் மோர்ஸ் ஒலியிலும் சீன மொழியிலும் தன் பெயரைச் சொல்லும். ஆகவே பொறுமையாக அந்த நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் அலை தாழ்ந்துபோனால் இன்னொரு அரைமணி. அப்போதும் குரல் பிடிபடவில்லையென்றால் குறிப்பேட்டில் ‘நேரத் துடிப்பு, நிலையம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். நல்ல நேயரின் குறிப்பேட்டில் ‘தெரியவில்லை’ என்ற பதிவுகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். அவை இல்லாத குறிப்பேட்டை நான் நம்புவதில்லை.

இன்னொரு சோதனை அட்டவணை. எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் யார் ஒலிபரப்புகிறார்கள் என்று பட்டியலிடும் நூல்கள் நெடுங்காலமாக உண்டு. டென்மார்க்கில் 1947-இல் தொடங்கிய ‘வேர்ல்ட் ரேடியோ டிவி ஹேண்ட்புக்’ அவற்றில் புகழ்பெற்றது. இப்போது எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறது. பட்டியலை முதலில் பார்த்துவிட்டு முள்ளைத் திருப்பினால், காது தானாகவே அந்த மொழியைக் கேட்கத் தொடங்கிவிடும். இரைச்சலுக்குள் புதைந்த குரல் துருக்கி மொழி என்று பட்டியல் சொன்னால் துருக்கி மொழியாகவே கேட்கும். பாரசீகம் என்று சொல்லியிருந்தால் பாரசீகமாகக் கேட்கும். அதனால் என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் கேட்பது, அடுத்து எழுதுவது, கடைசியில் பட்டியலைத் திறப்பது. எழுதியதும் பட்டியலும் ஒத்துப்போகாத நாட்களில்தான் புதிதாக எதையாவது கற்றுக்கொள்கிறோம்.

நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்து நிற்கும் பிள்ளை நான் எதிர்பார்க்கும் முதல் சொல்லைச் சொன்னவுடன் மீதியை நானே நிரப்பிக்கொண்டு ‘சரி, உட்கார்’ என்று சொல்லிவிடுவது ஆசிரியருக்கு மிக எளிது. அந்தப் பிள்ளை உண்மையில் என்ன சொல்கிறது என்று கடைசிச் சொல்வரை கேட்கும் பழக்கம் எனக்கு வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துதான் வந்தது.

இந்தப் பொழுதுபோக்கு எனக்கு ஆகாயத்தையும் காட்டிக்கொடுத்தது. ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்லும் வானொலி அலை, வளைந்த பூமியின் மறுபக்கத்துக்கு எப்படிப் போகிறது? தலைக்கு மேலே சூரியக் கதிர் காற்றின் அணுக்களிலிருந்து மின்னணுக்களைப் பிரித்துப் போட்டிருக்கும் அயனி மண்டலம் அலைகளை வளைத்துத் திருப்பி அனுப்புகிறது. எட்வர்ட் ஆப்பிள்டன் 1924-இல் பிபிசியின் ஒலிபரப்பியைக் கொண்டே அதை நிரூபித்தார். 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ‘டி’ அடுக்கு பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அது கரையும். அதனால்தான் பகலில் பக்கத்து ஊர் நிலையங்கள் மட்டும் கேட்கும் பெட்டியில், இருட்டியபின் முள்ளைத் திருப்பிய இடமெல்லாம் பேச்சும் பாட்டுமாக இருக்கிறது. சிற்றலை அதற்கும் மேலே உள்ள ‘எஃப்’ அடுக்கில் பட்டுத் திரும்புவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்குகிறது. பக்கத்து நாடு கேட்காமல், அதற்கு அப்பால் உள்ள நாடு கணீரென்று கேட்பதற்குக் காரணம் இதுதான்: அலை நம் தலைக்கு மேலேயே தாவிப் போய்விடுகிறது.

அயனி மண்டல ஆய்வில் எங்கள் தென்கோடிக்கு ஒரு தனி இடம் உண்டு. பூமியின் காந்த நிலநடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் செல்கிறது. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை அனுப்பினார்களே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்தக் கோட்டின் மேல் உள்ள அயனி மண்டலத்தை ஆராய்வதுதான். திருநெல்வேலியிலும் அதற்கென்று புவிகாந்த ஆய்வகம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் 1899-இல் நிறுவிய சூரிய ஆய்வகம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியப் புள்ளிகளைப் பதிவுசெய்து வருகிறது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் திசையைக் கண்டறிந்ததும் அங்கேதான். வானொலி கேட்பவனுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. பெருகினால் 13 மீட்டர், 16 மீட்டர் சிற்றலைப் பேண்டுகள் திறந்துகொள்ளும். குறைந்தால் அவை வெறிச்சோடி, எல்லோரும் 31, 41, 49 மீட்டருக்கு இறங்கி வந்து நெரிசலாகிவிடும். சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தால் நண்பகலில் சிற்றலை முழுவதும் சட்டென்று காலியாகும். பெட்டி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்ப்போம். சற்று நேரத்தில் ஒவ்வொரு நிலையமாகத் திரும்பி வரும். மாடியில் நின்றுகொண்டு, பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதைக் காதால் அறிய முடிகிறது. இதை எத்தனை ஆண்டு செய்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

ஒலிபரப்பும் நாடு வேறு, அலை கிளம்பும் இடம் வேறு என்பதும் போகப்போகத் தெரியும். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலி பல ஆண்டுகள் ஆசியாவுக்குப் பேசியது திருகோணமலையிலிருந்து. பிபிசிக்கு சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒலிபரப்பு நிலையம் இருந்தது. வேரித்தாஸ் வானொலித் தமிழ்ப்பணியின் குரல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்தக் கோடுகளைப் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்குப் புவியியலைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

காது பழகப் பழக, நிலையங்களைப் பெயர் சொல்லும் முன்பே அவற்றின் அடையாள இசையைக் கொண்டு கண்டுகொள்ளலாம். வத்திக்கான் வானொலிக்கு ‘கிறிஸ்துஸ் வின்சித்’ மெட்டு. நியூசிலாந்து வானொலி, அந்நாட்டுப் பெல்பேர்ட் பறவையின் கூவலை ஒலிக்கவிட்டுத்தான் நிகழ்ச்சியைத் தொடங்கும். வாய்ப்பான ஒரு நாளில், இரைச்சலுக்கு நடுவே அந்தப் பறவை இரண்டு முறை கூவியதைக் கேட்டுவிட்டால், அந்த வாரம் முழுவதும் மனம் நிறைந்திருக்கும்.

இன்றைக்குச் சிற்றலை கேட்பதற்குப் பெரிய எதிரி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மலிவான எல்.இ.டி. பல்பு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே சிற்றலையில் ‘கர்ர்ர்’ என்று இரையும். கரண்ட் போனால் தெருவே எரிச்சலோடு வாசலுக்கு வரும். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். தெரு முழுவதும் மின்சாரம் நின்ற அந்த நேரத்தில் சிற்றலை எவ்வளவு துலக்கமாக இருக்கிறது என்பதைக் கேட்டவர்களே அறிவார்கள். மற்ற நாட்களில் பேட்டரியில் பெட்டியை ஓட்டி, பத்துப் பதினைந்து மீட்டர் செம்புக் கம்பியை மாடியின் இரு முனைகளுக்கு இடையே இழுத்துக் கட்டினாலே போதும். கம்பியை மின்கம்பிகளுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் பெட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இந்த இரண்டிலும் சமரசமே கூடாது.

கடிதம் எழுதினால் நிலையம் கியூ.எஸ்.எல். அட்டை அனுப்பும். நீங்கள் குறிப்பிட்ட நாளில், நேரத்தில், அலைவரிசையில் எங்களைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று அவர்கள் உறுதிசெய்யும் அட்டை அது. சிலர் இவற்றை அஞ்சல்தலை போலச் சேர்க்கிறார்கள். அட்டைக்காகவே நிகழ்ச்சிக் குறிப்பைப் பிறரிடமிருந்து வாங்கி எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அந்த அட்டைக்கு எந்த மதிப்பும் இல்லை. தானே கேட்டு, தானே எழுதி, பதில் வராமலே போன கடிதம் அதைவிட எவ்வளவோ மேல்.

பல குரல்கள் அடங்கிவிட்டன. ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரியில் சிற்றலையை விட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. 2018 ஜூனில் வேரித்தாஸ் சிற்றலையை நிறுத்தியது. இவற்றின் கடைசி நாள் நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பழைய நேயர்கள் கண்கலங்கினார்கள். ஆனால் சிற்றலையே செத்துவிட்டது என்று சொல்வது கேட்காதவர்களின் பேச்சு. ருமேனியா, துருக்கி, கியூபா, சீனா இன்னும் ஒலிபரப்புகின்றன. புயலில் எல்லாம் அறுந்துபோகும் பசிபிக் தீவுகளுக்காக நியூசிலாந்து 2024-இல் புதிய ஒலிபரப்பியையே இயக்கத் தொடங்கியது.

வீட்டுப் பரணில் பழைய பெட்டி இருந்தால் இறக்குங்கள். பேட்டரி போட்டு, மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாடிக்குப் போய் 31 மீட்டரில் முள்ளை மெல்ல நகர்த்துங்கள். பெட்டி இல்லாதவர்கள், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் வானொலி ஏற்பியில் தொடங்கலாம். முதல் நாளே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து எழுதுங்கள். பிறகு அந்த நிலையத்துக்கு, காதில் விழுந்தது விழுந்தபடி, ஒரு கடிதம் போடுங்கள். கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.