மரை

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் இடது காலுக்குப் பாதி பலம்தான் திரும்பி வந்தது. நடக்கப் போதும், கிளட்சை மிதிக்கப் போதாது. கோவில்பட்டியிலிருந்து எங்கள் புஞ்சை 12 கிலோமீட்டர். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் வெறும் வண்டிப்பாதை. "யாராவது கொண்டுபோய் விடுதாங்கல்லா, பெறகென்ன" என்பார் அம்மா. அந்த 'யாராவது'தான் அப்பாவுக்குப் பிரச்சினை. முப்பது வருஷம் மில்லில் பிட்டராக இருந்த மனுஷன், உளுந்துக்கு மருந்தடித்தார்களா என்று பார்க்க இன்னொருத்தன் பைக்கின் பின்சீட்டில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகவேண்டும்.

அதனால் சென்னையில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கி ஊரில் கொண்டுபோய் நிறுத்தினேன். ரெண்டே பெடல், வலது கால் மட்டும் போதும். ஒரு வாரத்தில் அப்பா பழகிவிட்டார்.

கார்த்திகையில் போன் வந்தது. "ஏல, கியர்பாக்ஸ் படம் போட்டு ஒரு லைட்டு எரியுதுலே."

ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது எண்ணெய். எதிரெதிரே வைத்த ரெண்டு காற்றாடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுற்றி எண்ணெயைத் தள்ள, அந்த வேகத்தில் மற்றது சுற்றும். ரோட்டில் போகும்போது ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். மழை குடித்த கரிசலில் அப்படி இல்லை. மண் டயரில் அப்பி, மட்கார்டு வரை அடைத்து, சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் பக்கக் காற்றாடி சுற்றும், மற்றது நகராது. அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாகி எண்ணெயில் இறங்கும். 90 டிகிரியில் சௌக்கியமாக இருக்கிற எண்ணெய் 120-ஐத் தாண்டினால் கருக ஆரம்பிக்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டால், அந்த மாதிரி ரோட்டில் ஓட்டாதீர்கள் சார் என்றார்கள். ஓட்டுவதற்குத்தானே வாங்கியதே.

தனியாக ஒரு கூலர் வைப்பது என்று முடிவானது. ஆன்லைனில் ஒரு அமெரிக்க அலுமினிய கூலரை வரவழைத்து, பொங்கல் லீவில் எடுத்துக்கொண்டு போனேன். மாட்டுவது சுலபம். ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் எண்ணெய்க் குழாயை வெட்டி, நடுவில் கூலரை நுழைக்கவேண்டும். அவ்வளவுதான். கூலரைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ஹோஸையும் பிட்டிங்கையும் பற்றி அரை மணி நேரம்கூட யோசிக்கவில்லை.

ஹோஸ் கடைப் பையன் ரெண்டு துண்டு கொடுத்தான். ரெண்டும் கறுப்பு, ரெண்டும் முக்கால் விரல் கனம். விலை குறைந்ததை நான் எடுத்தேன். அப்பா ரெண்டிலும் ஒரு விரல் நீளம் வெட்டி, கியர் எண்ணெய் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் வைத்தார். நான் எடுத்தது ஊறின அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. அது ரேடியேட்டர் தண்ணீருக்கான ஈபிடிஎம் ரப்பர், கனிம எண்ணெய்க்கு ஆகாது. மற்றது நைட்ரைல், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்கென்றே எஸ்ஏஇ ஜே1532 என்ற எண் அச்சடித்த ஹோஸ் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். இந்த லைனில் அழுத்தம் பெரிதாக இல்லை. தாங்கவேண்டியது சூட்டையும் எண்ணெயையும். மெட்ராஸிலிருந்து அந்த ஹோஸ் வரும்வரை வண்டி ஷெட்டில் நின்றது. அப்பா ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. பாட்டிலை மட்டும் ஜன்னல் திண்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்.

கூலரின் வாயில் அரை இஞ்ச் மரை. அப்பா மரை கேஜை வைத்துப் பார்த்தார். இஞ்சுக்கு 14. "நம்ம மரைதாம்ல" என்று ஹார்டுவேர் கடையில் பித்தளை நிப்பிள் ரெண்டு வாங்கி, டெப்லான் சுற்றி, கை நடுங்காமல் இறுக்கினார். நன்றாகத்தான் ஏறியது.

மூன்றாம் நாள் காலை ஷெட் சிமெண்டுத் தரையில் குங்குமம் கரைத்த மாதிரி சொட்டுகள். அப்பா ஸ்பேனரை எடுத்து இன்னும் அரைச் சுற்று ஏற்றப் போனார். "அலுமினியம்ப்பா, வெடிச்சிரும். போதும், விடுங்க" என்று கத்திவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கோளாறு எண்ணிக்கையில் இல்லை, கோணத்தில் இருந்தது. 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் மரையின் பள்ளத்துக்கு 55 டிகிரி என்றார். 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், வெட்டச் சுலபம் என்று 60 டிகிரி வைத்தார். 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடி போல்ட்டு நட்டு மரையில் சமாதானம் செய்துகொண்டார்கள். குழாய் மரையை அப்படியே விட்டுவிட்டார்கள். நம் ஊர் குழாய்களெல்லாம் 55. என் கூலர் 60. மற்ற பல அளவுகளில் இஞ்சுக்கு எத்தனை என்பதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். அரை இஞ்சில் மட்டும் ரெண்டுமே 14. முக்கால் இஞ்சிலும் அதே கதைதான். ஏறும், இறுகும். சூடேறி எண்ணெய் இளகியதும் கசியும்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வெள்ளக்காரனுவ ரெண்டு பேரு சண்டைக்கு என் வீட்டுத் தரை எண்ணெயாகணுமாக்கும்" என்றார். பிறகு, "கேஜு சரியாத்தாம்ல சொல்லிச்சு. நாந்தான் ஒண்ணே ஒண்ணக் கேட்டேன்."

மறுநாள் கூலரையே கையில் எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போனோம். மெட்ரிக் மரைக்கும் 60 டிகிரிதான் என்பதால் எந்த லேத்திலும் அந்த டூல் இருக்கும். கூம்புச் சரிவு ரெண்டு மரைக்கும் 16-க்கு 1. "அண்ணாச்சி, நீங்க உக்காருங்க" என்றார் லேத்துக்காரர். அப்பா உட்காரவில்லை. பித்தளைக் கம்பியில் ஒரு முனையில் மரை, மறுமுனையில் ஹோஸ் பிடிக்கிற முள், எல்லாம் ஒரே துண்டில் வெட்டச் சொன்னார். ஒரு ஜாயிண்டு குறைந்தால் ஒரு ஒழுக்கு குறையும். ஒவ்வொரு வெட்டுக்கும் கூலரில் ஏற்றிப் பார்த்து, இன்னும் இன்னும் என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். கிளிப்பை மட்டும் நான் முறுக்கினேன், அவர் டார்ச் பிடித்தார்.

இந்த வருஷம் ஐப்பசி மழை நல்ல மழை. ஒரு ராத்திரி போன் செய்து, லைட் எரிஞ்சதாப்பா என்று கேட்டேன்.

"எரியல."

"அப்போ சரிதான்."

"வண்டி ஓடைப்பக்கம் அச்சு வரைக்கும் மாட்டிக்கிட்டு. டிராக்டர் வச்சுத்தான் இழுத்தோம்" என்றார். "ஆனா பாரு, கூலரு லைன்ல ஒரு சொட்டு இல்ல. தொட்டுப் பாத்தேன்."