சுண்ணாம்பும் இறாலும்

ஜூன் 4

இரவு பத்து மணிக்குக் கடல்மீன் தொட்டியின் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். ஹீட்டருக்குப் பின்னால், பாறை இடுக்கில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புக் குடை விரிந்திருந்தது. தண்டு கண்ணாடி மாதிரி. குச்சியால் தொட்டதும் பொசுக்கென்று இடுக்குக்குள் போய்விட்டது. ஐப்டேசியா. கடல் அனிமோன் ஜாதிதான், ஆனால் யாரும் விலை கொடுத்து வாங்காத ஜாதி.

பாறையோடு வந்திருக்க வேண்டும். பவளங்களை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அதனால் கடல் பாறைக்கு நான் ஆசைப்படுவதில்லை. என்னுடையது சுட்ட மண் பாறை. போன மாதம் ஒருவர் தொட்டியைக் கலைத்தபோது, ஈரம் காயாத பாறை ஒன்றைச் சும்மா கொடுத்தார். சும்மா வந்ததைக் காயவைக்காமல் போட்டது என் தப்பு.

ஜூன் 5

இடுக்கியால் பிடுங்கினேன். உடம்பிலிருந்து வெள்ளை நூல் நூலாகக் கக்கியது. அத்தனையும் கொட்டும் செல்கள். கையில் வந்தது பாதிதான். அடிப்பாதம் பாறையிலேயே ஒட்டிக்கொண்டது. ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தூங்கினேன்.

ஜூன் 19

ஏழு.

அடிப்பாதத்தில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது முழு அனிமோனாக வளர்ந்துவிடும். எதுவும் செய்யாமல் விட்டாலும், நகரும்போது பாதத்தைக் கிழித்துத் துண்டு துண்டாக விட்டுப்போவதுதான் அதன் வம்சவிருத்தி. நான் அந்த வேலையை இடுக்கி வைத்துச் செய்து கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 21

மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள்: "அப்பா, இதை லேப்ல ஆசை ஆசையா வளர்க்கிறாங்க." விசாரித்தால் உண்மை. பவளத்தைப் போலவே இதுவும் உடம்புக்குள் பாசியைக் குடிவைத்திருக்கிறது. பவளத்தை வளர்ப்பது கஷ்டம், இதற்குக் கூடும் கிடையாது, சட்டென்று பெருகும். அதனால் பவளம் வெளுப்பதைப் புரிந்துகொள்ள இதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். 2015-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். என் தொட்டியில் உள்ள ஏழையும் பார்சல் அனுப்பலாமா என்றேன். சிரிக்கவில்லை.

ஜூன் 24

முந்தாநாள் ஒரு கடையில் பெப்பர்மின்ட் இறால் என்று இரண்டு வாங்கினேன். ஐப்டேசியாவைத் தின்னும் என்று பெயர் பெற்றது. இன்று வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தேன்: முதுகில் கூனல், சிவப்புக்கு நடுவே பளிச்சென்று வெள்ளைக் கோடுகள், மூக்கு மேல்நோக்கி மடங்கி ஆடுகிறது. இது ஒட்டக இறால். ஐப்டேசியாவைச் சீண்டாது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றில்லை. பெப்பர்மின்ட்டின் உடம்பு கண்ணாடி, அதில் சிவப்புக் கோடு, மூக்கு ஆடாது.

ஜூன் 29

ஐப்டேசியாவுக்குச் சுண்ணாம்பு வைத்தியம். அம்மா தன் வெற்றிலைப் பெட்டியை நீட்டினாள். அதுவும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் ரோஸ் கலர். சாயத்துக்கு நான் ஜவாபுதாரி இல்லை. பாரிமுனை கெமிக்கல் கடையில் சுத்தமான தூள் வாங்கி வந்திருந்தேன்.

கையுறை, கண்ணாடி. மோட்டார்களை நிறுத்தினேன். ஆர்.ஓ. தண்ணீரில் தூளை இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்தேன். தோசை மாவுப் பதம் என்றால் தொட்டி முழுக்கப் பரவிவிடும். முனை மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சு. அவசரப்பட்டு நிழல் விழுந்தால் உள்ளே போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு நேராக ஒரு சொட்டு. சாப்பாடு என்று நினைத்து வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. அப்புறம் கைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. சுருங்கிய இடத்தை மேலேயும் பூசி மூடினேன், பானைக்கு மண் பூசுவதுபோல. இருபது நிமிடம் கழித்து மோட்டார். அதற்குள் அது காரத்தில் வெந்துபோகும்.

ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. தண்ணீரின் பி.எச். 8.2-லிருந்து 8.4-க்கு ஏறிவிட்டது. இருக்கிற 120 லிட்டரில் இந்த விளையாட்டு போதும்.

ஜூலை 8

ஏழு போய்ப் பதினொன்று புதிதாக. எல்லாம் கடுகு அளவு. சுண்ணாம்பு வைக்க முடியாத மூலைகளில். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடும் கோபிபாடுகளும் கூடியிருக்கின்றன. அவை மீனுக்குத் தீனி, இருக்கட்டும். முள்புழுக்களும் தடித்திருக்கின்றன. அவை எச்சில் தின்னும் தோட்டிகள், அவற்றையும் நான் தொடுவதில்லை. ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் கொழிக்கிறதென்றால் எங்கோ எச்சில் மிஞ்சுகிறது. காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் நான் போடுவதே இல்லையே.

ஜூலை 10

லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மத்தியானம் மூன்று மணி. அம்மா தீவன டப்பாவோடு தொட்டி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கோமாளி மீன் இரண்டும் கண்ணாடியில் முட்டி முட்டி நின்றன.

"என்னம்மா இது?"

"வாயத் தொறந்து தொறந்து கேக்குதுடா. நீ ஆபீஸ் போயிடற. பட்டினி போடறதா?"

மீனுக்கு வாயைத் திறப்பதுதான் மூச்சு என்று விளக்கினேன். அம்மா மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 27

தெரிந்தவர் ஒருவர் மூலம் அசல் பெப்பர்மின்ட் மூன்று. ராத்திரி ஒன்று ஒரு கடுகு ஐப்டேசியாவைப் பிய்த்துத் தின்றதைக் கண்ணால் பார்த்தேன். பெரியதை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. பெரியதுக்குச் சுண்ணாம்பு, சின்னதுக்கு இறால் என்று பங்கு பிரித்தாயிற்று. ஐப்டேசியாவை மட்டுமே தின்னும் பெர்கியா என்ற கடல் நத்தையைப் பற்றியும் யோசித்தேன். அது எல்லாவற்றையும் தின்று முடித்ததும் பட்டினியில் சாகும். வேண்டாம்.

ஆகஸ்ட் 9

தீவன டப்பாவை ஆபீஸ் பைக்குள் வைத்துவிட்டேன். அதற்குப் பதில், அம்மாவின் பழைய மாத்திரைப் பெட்டி, ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. ஒவ்வொன்றிலும் மத்தியானத்துக்கு நாலே நாலு குருணை. அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஐப்டேசியா எண்ணினால் இரண்டு.

ஆகஸ்ட் 13

இன்று புதன். வெள்ளிக்கிழமை அறை வரைக்கும் காலி.