பேண்டு செட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

கும்பகோணத்தில் கல்யாண ஊர்வலம் பார்த்தவர்கள் என்னையும் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் ஜரிகை, பேண்டு செட்டில் இரண்டாவது வரிசை, இடது ஓரம். சைடு டிரம். ஊரே மாப்பிள்ளையைப் பார்க்கும்போது நான் மட்டும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு பாட்டி என் கோட்டுப் பையில் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார். நான் எண்ணிக்கொண்டிருந்தது பகா எண்கள்.

சின்ன வயதில் பிடித்த பைத்தியம் இது. பள்ளியில் கணக்கில் மட்டும் நூறு. மற்ற பாடங்கள் எல்லாவற்றையும் கூட்டினால்தான் இன்னொரு நூறு வரும். "இதே ஊர்லதானேப்பா ராமானுஜனும் மத்த பாடத்துல தேறாம காலேஜ் உதவித்தொகையை இழந்தாரு?" என்று வாதாடினேன். "அவருக்கு 1913-லயே சீமையிலேர்ந்து கடுதாசி வந்துச்சு. உனக்கு எங்கேர்ந்துடா வரும்?" என்ற அப்பா, தன் டிரம் குச்சிகளை என் கையில் கொடுத்துவிட்டார்.

அங்கே போனால் அங்கேயும் கணக்குதான்! வலது கையில் நாலு அடிக்கு ஒரு அழுத்தம், இடது கையில் மூன்று அடிக்கு ஒரு அழுத்தம் வைத்தால், இரண்டும் 12 அடிக்கு ஒருமுறை சேரும். ஏழையும் எட்டையும் மோதவிட்டால் 56 வரை காத்திருக்க வேண்டும். பள்ளியில் மீச்சிறு பொது மடங்கு என்று பயமுறுத்தியது இதைத்தான். ஆனால் ஊர்வலத்தில் ஏழு கூடாது என்பது மாஸ்டரின் கண்டிப்பான உத்தரவு. ஏழுக்கு ஆட மாப்பிள்ளையின் நண்பர்களுக்குக் கால் போதாதாம்.

என் கணக்குக்கு மரியாதை கிடைத்தது ஒரே ஒரு ராத்திரி. எங்கள் செட்டில் கூலி பிரிப்பதில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மாஸ்டருக்குப் பாதி, ஊதுகிறவர்களுக்கு மூன்றில் ஒன்று, அடிக்கிறவர்களுக்கு ஒன்பதில் ஒன்று. அன்று கைக்கு வந்தது 17,000. மூன்றால் வகுத்தால் தசமம் முடிவில்லாமல் ஓடுகிறது, சண்டையும்தான். நான் வேன் டிரைவரிடம் ஆயிரம் கடன் வாங்கிச் சேர்த்து 18,000 ஆக்கினேன். மாஸ்டருக்கு 9,000, ஊதுகிறவர்களுக்கு 6,000, எங்களுக்கு 2,000. மிச்சம் இருந்த ஆயிரம் டிரைவருக்கே திரும்பிப் போயிற்று. எல்லாருக்கும் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது!

பதினேழு ஒட்டகக் கதை தெரிந்தவர்களுக்கு இது பழைய வித்தை. எங்கள் கிளாரினெட் அண்ணன் மட்டும் இன்றுவரை கூலி பிரிக்கும்போது டிரைவரின் சட்டைப் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

அடிக்கிறவர்கள் நாலு பேர். 2,000-ஐ வகுத்தால் ஆளுக்கு 500. இந்த வகுத்தலுக்கு வித்தை எதுவும் கிடையாது.

இந்த வருஷம் மகள் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். கட்டணம் கேட்பது ஆடியில். ஆடியில் எங்களுக்கு முகூர்த்தம் பூஜ்ஜியம். போதாக்குறைக்கு டி.ஜே. வண்டி வேறு வந்துவிட்டது. அதற்கு ஒரு ஆள் போதும், பங்கு பிரிக்கும் தொல்லையே இல்லை. சித்திரையிலிருந்தே ஒவ்வொரு 500-லும் 200-ஐ எடுத்து அரிசி டப்பாவில் போட்டுவைத்தாள் மனைவி. ஆனி கடைசியில் கொட்டி எண்ணினோம். 5,800. கட்ட வேண்டியது 6,000.

மகள் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "டிரைவர் மாமாகிட்ட 200 வாங்கிச் சேர்த்தா, கடைசியில அது மிச்சமாகித் திரும்பி வந்துடுமாப்பா?"

"வராதும்மா" என்றேன். காலண்டரில் ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு வட்டம் போட்டுவிட்டு, டிரைவருக்குப் போன் போட்டேன்.