மூட்டையை அவிழ்க்கும் நேரம்

2015 ஆடி மாதம். விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தெருக்கூத்து வாத்தியார் விழுப்புரத்தில் இருந்த என் ஆபீசுக்கு வந்தார். கூடவே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலை நிமிராமல்.

"வக்கீல் சார், எங்க ஜமாவுல பெண் வேஷம் கட்றவன் இவன். திரௌபதியா நின்னான்னா ஊரே அழுவும். கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

எஃப்ஐஆர் நகலைப் பார்த்தேன். இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 379, திருட்டு. விக்கிரவாண்டி கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். கைப்பற்றிய பொருட்கள்: ஹேர் கிளிப் அட்டை மூன்று, குங்குமச்சிமிழ் ஒன்று, சாவியில்லாத பூட்டு ஒன்று. மொத்தம் 340 ரூபாய். பெண் வேஷக்காரருக்குப் பெண் குழந்தை கிடையாது. அன்று சட்டைப்பையில் 500 ரூபாய் இருந்திருக்கிறது.

"சாவி இல்லாத பூட்டு எதுக்குப்பா?"

"தெரியலீங்க சார். பாத்ததும் நெஞ்சு அடிச்சுக்கிச்சு. எடுத்தப்புறம்தான் மூச்சே வந்துச்சு. வீட்டுக்குப் போனா அதைப் பாக்கவே வெக்கமா இருக்கும்."

மறுவாரம் அவரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பி வைத்தேன். சீட்டில் கிளெப்டோமேனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். தேவைக்காகவோ காசுக்காகவோ அல்லாமல், எடுக்கும்வரை தாங்க முடியாத தவிப்பு, எடுத்ததும் ஒரு நிம்மதி, பிறகு குற்ற உணர்ச்சி. அவர் என்னிடம் சொன்னதைத்தான் மருத்துவம் தன் மொழியில் சொல்லியிருந்தது.

சீட்டு கையில் வந்ததும் என் மனம் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 84 பக்கம் ஓடியது. மனநிலை பிறழ்ந்தவர் செய்தது குற்றமாகாது என்று சொல்லும் பிரிவு. அதை நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் உரிமையியல் வழக்கில் நிரூபிக்கும் அளவுக்குச் செய்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1964இல் தாயாபாய் தாக்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டு நாள் புத்தகங்களோடு உட்கார்ந்தேன், வழி கிடைக்கவில்லை. செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதுதான் அந்தப் பிரிவின் கேள்வி. இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் வெட்கப்பட்டார். தெரிந்தும் அடக்க முடியாத கைக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அப்படியே ஜெயித்தாலும், உறவினரிடம் ஒப்படைக்காமல் பாதுகாப்புக் காவலில் வைக்க நடுவர் உத்தரவிட முடியும். வாத்தியாருக்கு அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை.

"ஒப்புக்கொள்ளச் சொல்லுங்க சார், ஃபைனோட போயிடும். எதுக்கு வாய்தா வாய்தாவா அலையணும்?" என்றார் பக்கத்து ஆபீஸ் நண்பர். நல்ல மனதோடுதான் சொன்னார். சின்னத் திருட்டு வழக்குகளில் பலர் அப்படித்தான் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆபத்தாகப் பட்டது. 200 ரூபாய் அபராதமே ஆனாலும் அது தண்டனைதான். திருட்டில் ஒருமுறை தண்டனை பெற்றவர் மறுபடி சிக்கினால் அன்றைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 75இன்படி பத்தாண்டு வரை, ஆயுள் வரைகூடப் போகலாம். அப்படிக் கூடுதல் தண்டனைக்கு ஆளாகக்கூடியவரின் வழக்கைச் சமாதானம் பேசி முடிக்க முடியாது என்று அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 320(7) கதவைச் சாத்திவிடும். ஸ்டேஷனில் கேடி லிஸ்டில் பெயர் ஏறுவதும் இப்படித்தான். மறுபடி எடுக்காமல் இருக்க முடியாத நோய் உள்ளவரை, மறுபடி எடுத்தால் மீளவே முடியாத இடத்தில் நாமே கொண்டுபோய் நிறுத்துவதா? இப்போதும் யாராவது ஜூனியர் 'ஒப்புக்கொள்ளச் சொல்லிடலாமா' என்று கேட்டால் எனக்குப் பதறும்.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதன்முறை தண்டிக்கப்படுபவர் பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவை போதும் என்றிருக்கிறது. நல்ல மாற்றம். ஆனாலும் அதுவும் தண்டனைக் கணக்கில்தான் சேரும்.

அன்று மிச்சமிருந்த வழி குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 320(1). பொருளுக்கு உரியவர் சம்மதித்தால் திருட்டு வழக்கைச் சமாதானமாக முடிக்கலாம், அதன் பலன் விடுதலை. கடைக்காரர் முதலில் என்னை உள்ளேயே விடவில்லை. மூன்றாவது முறை வாத்தியாரும் வந்தார். கையில் ஒரு தகரப்பெட்டி. திறந்து காட்டினார். சுண்ணாம்பு டப்பா, பம்பரம், வளையல், ஒற்றைச் செருப்பு.

"பன்னெண்டு வருஷமா ஊர் ஊரா திருப்பிக் குடுத்தது போக, யாருதுன்னு தெரியாம நின்னுபோனது இதெல்லாம். உங்க கடையில நாங்க விட்டுட்டோம். தப்பு என் மேலதான்" என்றார்.

கடைக்காரர் அந்த ஒற்றைச் செருப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டுக்கு வந்து, நடுவர் கேட்டபோது தன் விருப்பத்தோடுதான் ராஜியாவதாகச் சொன்னார்.

'திருப்பிக் கொடுத்தது' எப்படி என்று எனக்குப் புரிந்தது அடுத்த சித்திரையில். பாரதக் கூத்துக்கு அழைத்திருந்தார்கள். அன்று துகிலுரிதல். அவர் திரௌபதியாக விரித்த கூந்தலோடு சபையைப் பார்த்துக் கேட்டபோது, என் பக்கத்தில் இருந்த கிழவி மாராப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் கொட்டகைக்குள் போனேன். தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் முதலில் தன் மூட்டையை அவிழ்த்துப் பாயில் பரப்பினார். அடுத்து மிருதங்கக்காரர், துரியோதனன், கட்டியக்காரன் என்று வரிசையாக எல்லோரும். ஊரைவிட்டுக் கிளம்புமுன் எல்லார் மூட்டையும் அவிழ வேண்டும் என்பது ஜமாவின் சட்டம். அவர் மூட்டையை மட்டும் சோதித்தால் அவர் திருடன் ஆகிவிடுவார் என்று வாத்தியார் செய்த ஏற்பாடு அது. அவர் மூட்டையில் அன்று ஒரு குழந்தையின் கிலுகிலுப்பை இருந்தது. கட்டியக்காரன் அதை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் தெருப்பக்கம் போனான். அவர் கன்னத்து மையை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் என் தோள்பையைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பாயில் எடுத்து வைத்தேன்.