ஆறாம் நாள்

‘ஊருக்குப் போகிறோம்’ என்பது வேறு. ‘உலாப் போகிறோம்’ என்பது வேறு. மும்பையில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலோர் முன்னதை மட்டுமே அறிந்தவர்கள். கோடை விடுமுறை வந்தால் பெட்டி கட்டுவோம்; திருமணம், காதுகுத்து, கோயில் கொடை, இழவு என்று ஏதேனும் ஒன்று நம்மை இழுக்கும்; கடன்களைச் செலுத்திவிட்டுத் திரும்பிவிடுவோம். ஊருக்குப் போனோமேயன்றி ஊரைப் பார்த்தோமில்லை. கண்ணுக்கு இனிய இடம் என்று ஒன்றைத் தேர்ந்து, ஏழு நாள் தங்கி, யாருக்கும் எந்தக் கடனும் இல்லாமல் திரும்புவது என்னும் எண்ணமே எங்கள் குடும்பத்தில் சென்ற ஆண்டுதான் முதன்முதலாகத் தோன்றியது. அந்த எண்ணம் ஒரு பயணத் திட்டமாக உருவெடுத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பயணத்தைப் பற்றியதன்று இக்கட்டுரை. பயணத்துக்கு முந்திய சில மாலைப்பொழுதுகளைப் பற்றியது.

நான் பிறந்தது 1972இல், தாராவியில். என் பெற்றோர் திருநெல்வேலி மாவட்டத்தில் வள்ளியூருக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர்கள். திருமணமான கையோடு 1968இல் அம்மா பம்பாய்க்கு வந்தார். தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒற்றை அறையில் நாற்பதாண்டுகளுக்கு மேல் எங்கள் வாழ்க்கை நடந்தது. அப்பா மறைந்தபின், 2011இல் கோபர்கைரனேயில் இப்போதுள்ள வீட்டை வாங்கினோம். வங்கிக் கடன் போதவில்லை. ஊரில் இருந்த ஓட்டு வீட்டையும் அதன் பின்புறத்துப் புளியமரத்தையும் விற்றோம். பத்திரத்தில் அம்மா கையெழுத்திட்டார். “ஆண்டுக்கு ஒருமுறை உங்களை ஊருக்கு அழைத்துப் போகிறேன்” என்று அன்றைக்கு நான் சொன்னேன். சொன்னதோடு சரி. அதன்பின் ஒருமுறைகூட அழைத்துப் போகவில்லை. வேலை, பிள்ளைகளின் படிப்பு, பெருந்தொற்று எனக் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. உண்மைக் காரணம் வேறு: போனால் எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இனிப் பயணப் பேச்சுக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு மாலை வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குக் கோவா. என் மனைவிக்குப் புதுச்சேரி. கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் மகளோ, “கன்னியாகுமரி” என்றாள். 2024 டிசம்பர் 30ஆம் நாள், கடலுக்கு மேல் இரண்டு பாறைகளை இணைக்கும் கண்ணாடிப் பாலம் அங்கே திறக்கப்பட்டதல்லவா? 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பாலத்தில் நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. “நம்ம ஊருக்குப் பக்கம்தானே அப்பா! நாம் ஏன் இதுவரை போகவில்லை?” என்று கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. சிறுவயதில் எத்தனையோ கோடைகளில் தாதரில் வண்டியேறி, சென்னையில் இறங்கி, எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டி மாறி, திருநெல்வேலி போய்ச் சேர்ந்திருக்கிறோம். அங்கிருந்து நாகர்கோவிலுக்குத் தண்டவாளம் போட்டு 1981இல் வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் வள்ளியூருக்கு அப்பால் நாங்கள் போனதில்லை. உறவு முடிந்த இடத்தில் எங்கள் பயணமும் முடிந்துவிடும்.

அம்மா அப்போது வாய் திறந்தார். “நான் வரல. நீங்க போயிட்டு வாங்க.”

“ஏன் ஆச்சி?” என்றாள் மகள்.

“எங்க மண்ணுல போயி, காசு குடுத்து ஒரு ரூமுல படுக்கவா? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவேன்?”

அறையில் ஓர் அமைதி விழுந்தது. அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பது எனக்கு விளங்கியது. என் மனைவிதான் பேச்சை மாற்றி, “அத்தை, நீங்கள் கன்னியாகுமரியைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

பார்த்திருக்கிறார், ஒரே ஒருமுறை. ஒன்பது வயதில், தாத்தாவோடு, ஆடி அமாவாசைக்கு முக்கடலில் நீராடப் போனாராம். இரவெல்லாம் மாட்டுவண்டி. காவல்கிணறு, அஞ்சுகிராமம் வழியாகப் பயணம். வைக்கோலின்மேல் படுத்துக்கொண்டு விண்மீன்களைப் பார்த்தபடியே உறங்கிப்போனாராம். “அந்தப்பக்கம் மலையாள ராச்சியம், சத்தம் போடாம வா” என்று தாத்தா சொன்னது இன்னும் நினைவிருக்கிறதாம்.

நான் கணக்குப் பார்த்தேன். அம்மா பிறந்தது 1947. ஒன்பது வயது என்றால் 1956. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள்தான் கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அந்த இணைப்புக்காக மார்ஷல் நேசமணி முதலியோர் நடத்திய போராட்டத்தையும் அதில் உயிர் நீத்தவர்களையும் நாம் அறிவோம். ஆடி அமாவாசையன்று அது இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாகத்தான் இருந்தது. ஆக, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மாட்டுவண்டியில் மாநில எல்லையொன்றைக் கடந்து போய்க் கடல் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். சில திங்களில் அந்த எல்லையே இல்லாமற் போயிருக்கிறது. பின்னர் பல மாநிலங்கள் தாண்டி வந்து குடியேறிய அம்மாவுக்கு, முதலில் தாண்டிய எல்லை அதுதான்.

“கடலுக்குள்ள ரெண்டு பாறை கிடந்துச்சு. அதுமேல ஒண்ணும் கிடையாது. அலை வந்து ஏறி ஏறி வழியும். அம்புட்டுத்தான்” என்றார் அம்மா.

என் மகள் கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த பாறை. ஏக்நாத் ரானடேயின் முயற்சியால் அங்கு எழுந்து, 1970 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறந்துவைத்த நினைவு மண்டபம். அருகே, 2000 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை. கணபதி ஸ்தபதி அந்த உயரத்தைப் பகுத்த விதத்தையும் சொன்னேன்: பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள், அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த அதிகாரங்கள். அறத்தின்மேல் மற்ற இரண்டும் நிற்கின்றன என்பது கருத்து. மகன் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து, “சரியாக இருக்கிறது” என்றான்.

அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். “ரெண்டு பாறையிலயும் வீடு கட்டிட்டானுவளே!” என்றார். பிறகு, “பாலம் வழுக்காதா?” என்று கேட்டார். என் மகள் என்னைப் பார்த்துக் கண்சிமிட்டினாள். மறுநாள் காலை அம்மா தாமாகவே, “எப்பம் போறீய?” என்றார்.

அன்றிலிருந்து மகள் ஒரு குறிப்பேட்டில் திட்டம் தீட்டத் தொடங்கினாள். காலத்தைத் தேர்வதே முதற் சிக்கல். கோடை வேண்டாம் என்று நான் சொன்னேன். வெயிலுக்காக மட்டுமன்று, கோடையில் கதிரவன் வடமேற்கே சாய்ந்து மறைவதால் குமரிமுனையில் நின்று பார்த்தால் அது நிலத்தின்மேல் மறையும். கடலில் எழுந்து கடலிலேயே விழுவதை ஒரே ஊரில் காண வேண்டுமானால், அது தெற்கே சாய்ந்திருக்கும் பனிக்காலமே ஏற்றது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளித்தால் பாறைக்குப் படகு ஓடாது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. அந்த மாவட்டம் இரு பருவமழையும் பெறும் பேறு பெற்றதன்றோ! மார்கழியில் ஐயப்ப அடியார் கூட்டம். அறை கிடைப்பது அரிது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது பொங்கலுக்குப் பின் வரும் தை மாதத்தின் பிற்பகுதி எஞ்சியது. மகனுக்குச் சில நாள் பள்ளி போகும், போகட்டும் என்றோம். அவனிடமிருந்து எதிர்ப்பு எதுவும் எழவில்லை.

அடுத்தது வழி. இரண்டு வழிகள் உண்டு. கல்யாணில் ஏறி, புணே, சோலாப்பூர் எனத் தக்காணத்தைக் கடந்து, மதுரை, திருநெல்வேலி, வள்ளியூர் வழியாக நாகர்கோவிலை அடைவது ஒன்று. கோபர்கைரனேக்கு அண்மையிலுள்ள பன்வெலில் நேத்ராவதி விரைவு வண்டியில் ஏறி, 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் பாதையில் குகைகளுக்குள் புகுந்து புகுந்து வெளிவந்து, திருவனந்தபுரத்தில் இறங்கி வண்டி மாறுவது மற்றொன்று. அம்மா முதல் வழியைத்தான் கேட்பார் என்று எண்ணினேன். வள்ளியூர் நிலையத்தைச் சன்னலோரம் இருந்து பார்க்கலாமே! ஆனால் அவரோ, “மலையாளத்து வழியாவே போவோம். சின்னப் புள்ளையில பயந்துகிட்டுப் போன ராச்சியம், இப்பம் தைரியமாப் பாக்கேன்” என்று சிரித்தார்.

சிரிப்பின் பின்னால் இருந்தது என்ன என்பதை அன்றிரவு என் மனைவி சொன்னாள். “அத்தைக்கு அந்த நிலையத்தில் இறங்காமல் கடந்துபோக மனம் வரவில்லை. அதனால்தான் அந்தப் பக்கமே வேண்டாம் என்கிறார்.” நான் வெகுநேரம் உறங்கவில்லை.

திட்டம் நாளொரு பக்கமாக வளர்ந்தது. முதல் நாள், களைப்பாறுதல். இரண்டாம் நாள், படகும் பாறையும் பாலமும். மூன்றாம் நாள், பகவதியம்மன் கோயில், காந்தி மண்டபம், மாலையில் சுசீந்திரம். அண்ணலின் அஸ்தி 1948இல் அங்கே கடலில் கரைக்கப்பட்டது என்பதையும், அக்டோபர் இரண்டாம் நாள் நண்பகலில் கூரைத் துளை வழியே கதிரொளி அஸ்தி வைத்த இடத்தில் விழும்படி அம்மண்டபம் கட்டப்பட்டது என்பதையும் மகள் எழுதி வைத்துக்கொண்டாள். நான்காம் நாள், பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரள அரசின் பொறுப்பில் உள்ள அரண்மனை அது. திங்கட்கிழமை திறப்பதில்லை என்பதால் நாள்களை முன்பின்னாக மாற்ற வேண்டியிருந்தது. அங்கிருந்து, பள்ளத்தாக்கின் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீரை எடுத்துச் செல்லும் மாத்தூர்த் தொட்டிப்பாலம். ஐந்தாம் நாள், வட்டக்கோட்டையும் முட்டம் கடற்கரையும்.

அம்மா இதை எல்லாம் கேட்டுக்கொண்டு, தம் பங்குக்கு வேறொரு நிலப்படத்தை விரித்தார். தோவாளை என்றால் பூ. அம்மாவின் திருமண மாலை அங்கிருந்துதான் வந்ததாம். ஆரல்வாய்மொழி என்றால் காற்று. குடை பிடிக்க முடியாத காற்று. அங்கே இன்று காற்றாலைகள் காடாய் நிற்பதை மகள் காட்டியபோது, “காத்தையும் விக்கானுவளா?” என்று வியந்தார். மணக்குடி என்றதும் அவர் முகம் மாறியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தக் கடற்கரை ஊர்களைத் தின்றதைத் தாராவி வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தபடி அழுதவர் அவர். கைப்பேசி கிலோமீட்டரைச் சொன்னது. அம்மா அவ்வூர்களில் வாழ்ந்தவர்களைச் சொன்னார். என் பிள்ளைகள் இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் எழுதினார்கள். மகள் தமிழில் எழுத முயன்றாள். ‘தோவாளை’யில் எந்த ளகரம் என்று ஆச்சியைக் கேட்டாள், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஆச்சி, “நாக்கை மடக்கிச் சொல்லிப் பாரு, தெரியும்” என்றார்.

முன்பெல்லாம் நான்கு மாதத்துக்கு முன்பே பயணச்சீட்டு எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து அறுபது நாள்தான். ஆகவே அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு நானும் மகளும் கணினிமுன் அமர்ந்தோம். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்தது. போகும் சீட்டு முடிந்தது. திரும்பும் சீட்டுக்கு அவள் அதே கொங்கண் வண்டியைத் தேடத் தொடங்கியபோது, பின்னால் நின்றிருந்த அம்மா என் தோளைத் தொட்டார்.

“எய்யா, வரும்போது நாகர்கோயில் வண்டியில போடு.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“போகும்போதுதான் மனசு கிடந்து அடிக்கும். கடலைப் பாத்துட்டு வந்தா பாத்துக்கிடலாம்” என்றார்.

திரும்பும் சீட்டு அவ்வாறே, சில நாள் கழித்து, அதற்குரிய காலையில் எடுக்கப்பட்டது. ஏழாம் நாள் நாகர்கோவிலில் ஏறுகிறோம். குறிப்பேட்டில் ஆறாம் நாளுக்குரிய பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. “ஆச்சி, இதில் என்ன எழுத? உங்கள் ஊருக்குப் போவோமா?” என்று மகள் கேட்டாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பதினான்கு ஆண்டுகளாகக் கேட்காமல் விட்ட கேள்வி.

“அந்த வீட்டுல இப்பம் யாரு இருக்காவளோ” என்றார் அம்மா. சற்று நேரம் கழித்து, “இருந்தா என்ன? தண்ணி கேட்டா குடுக்காமலா இருப்பாவ” என்றார். எழுதவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்பர்களே, இம்மலரை வாசிக்கும் குடும்பங்கள் பலவற்றிலும் இப்படி ஒரு வெற்றுப்பக்கம் இருக்கக்கூடும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாஷியிலும் நாம் எழுப்பிய சுவர்களுக்குள் எங்கோ ஓர் ஊர் வீட்டின் செங்கல் இருக்கிறது. விற்றது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த விற்பனையால்தான் என் பிள்ளைகளுக்கு ஓர் அறையும் ஒரு மேசையும் கிடைத்தன. ஆனால் கொடுத்த வாக்கை எண்ணிக் கூசி, முதியவர்களை ஊரின் பக்கமே அழைத்துச் செல்லாதிருந்தது என் கோழைத்தனம். விடுதியில் தங்கினால் என்ன? எவர் வீட்டுக்கும் விருந்தினராகாமல் போனால் என்ன? மண்ணைப் பார்க்க மனை வேண்டியதில்லை.

இதை எழுதும் இம்மாலையில் அம்மா மாடியில் நின்று, தாணே கழிமுகத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பனிக்காலப் பூநாரைகள் வரத் தொடங்கிவிட்டன. பயணத்துக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. அவருடைய பெட்டியோ நேற்றே கட்டப்பட்டுவிட்டது. அதில் இரண்டு புதுப் புடவைகள் கூடுதலாக இருந்தன. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் இப்போது யாரோ ஒரு பெண் விளக்கேற்றிக்கொண்டிருப்பாள் அல்லவா?