காத்திருக்கும் பணிகள்

செய்து முடித்த பணிகளைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது உலக வழக்கு. மென்பொருள் ஆக்கத் துறையிற் சில ஆண்டுகள் பணிபுரிந்த எனக்கோ, ஒரு குழுவின் இயல்பை அது செய்யாது வைத்திருக்கும் பணிகளே நன்கு புலப்படுத்துவதாகத் தோன்றுகிறது.

2001ஆம் ஆண்டு பெப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சினோபேர்ட் என்னுமிடத்தில் மென்பொருளாளர் 17 பேர் கூடி 'அஜைல்' பிரகடனத்தை வகுத்தனர். அதனோடு அமைந்த கோட்பாடுகள் 12. செய்யாமல் விடக்கூடியவற்றைச் செய்யாது விடும் எளிமையும் அவற்றுள் ஒன்று. இந்நெறியைத் தழுவிய ஸ்கிரம் முறையில், செய்யவேண்டியவை யாவும் நிலுவைப் பட்டியலொன்றில் இடம்பெறும். அதனை வரிசைப்படுத்தும் பொறுப்பு ஒருவரையே சாரும். மேலே நிற்பவை சிறு பணிகளாகப் பகுக்கப்பட்டுத் தெளிவுபெற்றிருத்தல் வேண்டும். கீழே உள்ளவை பருமட்டாக இருக்கலாம்.

நடைமுறையில் நான் கண்டது வேறு. நான் பணியாற்றிய நிறுவனமொன்றில் 'உயர்வு, நடுத்தரம், தாழ்வு' என்னும் மூன்று குறிகளே வரிசையின் இடத்தைப் பிடித்திருந்தன. நூறு பணிகள் ஒரே குறியைத் தாங்கி நிற்கலாம். முதலிடத்திலோ ஒன்றுதான் நிற்க முடியும். பார்வை குன்றிய கணக்காளர் ஒருவர், திரையின் எழுத்துகளைப் பெரிதாக்கித் தருமாறு வேண்டினார். "பட்டியலிற் சேர்த்துள்ளோம்" என்று விடை சென்றது. அவ்வேண்டுகோள் 'நடுத்தரம்' என்னும் குறியோடு ஈராண்டு கிடந்தது. அதனை எவரும் மறுக்கவில்லை, எவரும் செய்யவுமில்லை. மறுத்திருப்பின் அவர் வேறு வழி தேடியிருப்பார்.

ஜோன் லிற்றில் 1961இல் நிறுவிய வரிசைத் தேற்றம் இங்கு நினைக்கத்தக்கது. பட்டியலில் 240 பணிகள் உள்ளன. மாதந்தோறும் 12 பணிகள் முடிய, அதேயளவு புதியவை சேர்கின்றன எனக் கொள்வோம். சராசரிக் காத்திருப்பு 20 மாதங்கள். இக்கணக்கை அறிந்த பின்னரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் இன்முகத்தோடு ஏற்பது, நிறைவேற்ற இயலாத வாக்கை வழங்குவதேயாகும்.

எனவே, பட்டியலைக் காலந்தோறும் களைதல் வேண்டும் என்பேன். களைபவரிடம் குரல் எளியோர் வேண்டுகோளே முதலில் அகப்படும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும் வெளிப்படையாக மறுக்கப்பட்டதைக் குறித்து வாதாடலாம். பட்டியலின் நடுவே புதையுண்டதைக் குறித்து வாதாட இயலாது. வரிசைப்படுத்தல் வெறும் அலுவலகக் கருமமெனத் தோன்றினும், யாருடைய தேவை முந்துவது என்னும் நீதி வினா அதனுள்ளே உறைகின்றது. அவ்வினாவுக்குக் காரணங் காட்டி விடையிறுக்கும் துணிவையே நான் ஒரு குழுவிடம் முதலில் எதிர்பார்க்கிறேன்.