அப்பத்தாவின் விரல் நுனியில் ஓடும் வைகை எக்ஸ்பிரஸ்!

ரயில் எப்படிப் போகும் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் 'தடக் தடக்' என்றுதான் சொல்லும். ஆனால், அந்தச் சத்தத்தைக் கடைசியாக எப்போது முழுசாகக் கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் தண்டவாளத் துண்டுகளை ஃபிஷ் பிளேட் போட்டு இணைத்திருப்பார்கள். இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியைச் சக்கரம் தாண்டும்போது வந்த சத்தம்தான் அது. இன்று பெரும்பாலான பாதைகளில் தண்டவாளங்களை வெல்டிங் செய்து நீளமாக ஒன்றாக்கிவிட்டார்கள். ரயில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஸ்டேஷன் பக்கம் பாதை பிரியும் இடங்களில் மட்டும் பழைய சத்தம் எட்டிப்பார்க்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது, மதுரையில் இருக்கும் என் அப்பத்தாவுக்காகக் கண்ணாடியில் ஒரு ரயில் பாதை செய்யக் கிளம்பிய பிறகுதான்.

அப்பத்தாவுக்கு 78 வயது. கண்ணில் க்ளாக்கோமா. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது நடுவில் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிகிறது. க்ளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் தினமும் சொட்டு மருந்து. ரயில் பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருக்கும் சந்து தெரியாமல் ஒருமுறை தடுமாறினார். அன்றோடு சென்னைக்கு வருவதை நிறுத்திவிட்டார். 1977-ல் வைகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து அதில் போய் வந்தவர் அவர். தாத்தா ரயில்வேயில் கேங்மேன்.

"ஜன்னல் சீட்ல உக்காந்து வீடியோ எடுத்து அனுப்பட்டுமா அப்பத்தா?" என்று போனில் கேட்டேன். "வீடியோவ வச்சு நான் என்னத்தா செய்ய?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பார்க்க முடியாத பயணத்தைத் தொட்டுக் கேட்க வைக்க முடியுமா?

நான் படித்தது ஜர்னலிசம் டிப்ளமோ. வேலை டிஜிட்டல் டெஸ்க்கில். எலெக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு போன் சார்ஜர். யூடியூப் வீடியோக்களும், ரிச்சி தெருவில் பொறுமையாகப் பதில் சொன்ன ஒரு கடைக்கார அண்ணனும்தான் எனக்கு வாத்தியார்கள்.

முதலில் அட்டையில் நூலை ஒட்டி ஒரு மாதிரி செய்து, மதுரைக்கு எடுத்துப் போனேன். அப்பத்தா விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் ஒரே சத்தம் வச்சிறாத. நான் போகும்போது காவேரி முன்னாடி வரும். வரும்போது கொள்ளிடம் முன்னாடி வரும்." ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருக்கும் தீவு என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்த விஷயம். அவருக்கு அது காதில் பதிந்த விஷயம்.

அடுத்தது கண்ணாடி. நான்கு அடி நீளம், ஓர் அடி அகலம், 8 மி.மீ கனம். பூஜை அறைக் கதவுகளில் லட்சுமியும் தாமரையும் செதுக்கித் தரும் சாண்ட் பிளாஸ்டிங் கடைக்குப் போனேன். "சாமி ரூமுக்காம்மா?" என்றார் கடைக்காரர். "அப்பத்தாவுக்கு" என்றேன். கண்ணாடியை டஃபன் செய்துவிட்டால் பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, அப்படியே நொறுங்கிவிடும். அதனால் வெட்டுவது, விளிம்பைத் தேய்ப்பது, செதுக்குவது எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, கடைசியாக டஃபன் செய்தோம். இரண்டு தண்டவாளங்களும் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளங்கள். செங்கல்பட்டுக்குக் கொளவாய் ஏரியின் அலை, ஸ்ரீரங்கத்துக்குக் கோபுரம், திண்டுக்கல்லுக்கு மலை என்று ஊருக்கு ஓர் அடையாளம்.

கண்ணாடியின் விளிம்பில் எல்.இ.டி பட்டை ஒட்டினேன். வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே ஓடி, செதுக்கிய இடத்தில் மட்டும் வெளியே வரும். பின்னால் கறுப்புத் துணி கட்டியதும், பாதை மட்டும் பளிச்சென்று மிதந்தது. அப்பத்தாவுக்கு மிச்சம் இருக்கும் பார்வைக்கு அது போதும்.

ஒவ்வோர் ஊருக்கும் பின்னால் செம்புத் தகடு. விரல் பட்டதும் ஏற்படும் மின் மாற்றத்தை, ஈ.எஸ்.பி 32 என்ற சின்ன போர்டு கண்டுபிடித்துவிடும். அதில் பத்துத் தொடு முனைகள் உண்டு. எனக்குத் தேவைப்பட்டது எட்டு: மதுரை, திண்டுக்கல், திருச்சி, ஸ்ரீரங்கம், விருத்தாசலம், விழுப்புரம், செங்கல்பட்டு, எழும்பூர். கண்ணாடி கனமாக இருந்தால் தொடுவது சரியாகத் தெரியாது. தகட்டைப் பெரிதாக்கினால் தெரியும். ரூபாய் நாணய அளவில் ஆரம்பித்து, உள்ளங்கை அளவுக்கு வந்து நின்றேன். திருச்சியைத் தொட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தால் காவிரிப் பாலம் ஒலிக்கும். விருத்தாசலத்திலிருந்து வந்தால் கொள்ளிடம்.

சத்தங்களுக்காக, ஏ.சி இல்லாத பெட்டியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, போனோடு மதுரை வரை போய் வந்தேன். ஸ்பீக்கருக்குப் பதில் எக்ஸைட்டர் என்ற கருவியைக் கண்ணாடியிலேயே ஒட்டினேன். அது கண்ணாடியையே ஸ்பீக்கராக மாற்றிவிடும். சத்தம் காதுக்கும், அதிர்வு விரலுக்கும் வரும்.

எல்லாம் தயார். அப்பத்தா விரலை வைத்தார். காபி விற்கிற குரலுக்குச் சிரித்தார். பாலம் வந்தபோது தலையாட்டினார். பிறகு கேட்டார்: "தடக் தடக் எங்கடி?"

எங்கே இருக்கும்? வெல்டிங் செய்த பாதையில் நான் பதிவு செய்தது வெறும் இரைச்சல்தான்.

அப்போதுதான் அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னார். ரயில் வேகம் எடுத்ததும் தாத்தா கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம். அப்பத்தா தடக் எண்ணுவார். 43 நொடிகளில் எத்தனை தடக் விழுகிறதோ, மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகம்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீட்டர் கேஜ் தண்டவாளத் துண்டின் நீளம் 12 மீட்டர். 60 தடக் என்றால் 720 மீட்டர். அதை 43 நொடிகளில் கடந்தால், மணிக்கு 60 கி.மீ. பிராட் கேஜில் துண்டு 13 மீட்டர் என்பதால் 47 நொடிகள் எண்ண வேண்டும். "உங்க தாத்தா பள்ளிக்கூடம் போனது அஞ்சாப்பு வரைக்கும்தான்" என்று சொல்லும்போது அப்பத்தா குரலில் அவ்வளவு பெருமை.

திருச்சி ஸ்டேஷனுக்குள் நுழையும்போது பதிவான ஒரே ஒரு 'தடக்'கை வெட்டியெடுத்தேன். 0.72 நொடிக்கு ஒருமுறை ஒலிக்கும்படி கோர்த்தேன். 60 கி.மீ வேகம் என்று அப்பத்தாவிடம் சொல்லவில்லை. "நீ கடிகாரம் பாரு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினார். 43-வது நொடியில் "போதும்" என்றேன்.

"அறுவது" என்றார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு, "கொடைரோடு பக்கம் இவ்வளவு வேகம் போவாது. கொறச்சு வையி" என்றார். குறைத்து வைத்தேன்.

க்ளாக்கோமா வந்தவர்களின் ரத்த உறவுகளுக்கும் அது வர வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் வலியோ அறிகுறியோ பெரும்பாலும் இருக்காது. அதனால் அப்பாவும் நானும் கண் பரிசோதனை செய்துகொண்டோம். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், நீங்களும் ஒரு எட்டுப் போய் வந்துவிடுங்கள்.

கண்ணாடி இப்போது மதுரை வீட்டு டி.வி ஸ்டாண்டில் இருக்கிறது. சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தடக் எண்ணக் கற்றுக்கொடுப்பது அப்பத்தாவின் வேலை. பொங்கல் கழிந்ததும் சென்னைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், வைகையில்தான்.

"ஏறுறப்பவும் எறங்குறப்பவும் நீ கையப் பிடிச்சுக்க. உள்ள உக்காந்துட்டா, எந்த ஊரு வருதுன்னு நான் சொல்றேன்."